போர் விமானத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ரஃபேல், தேஜஸ், சுகோய் வழியாக ஒரு எளிய விளக்கம்

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் பறக்கும் சத்தம் அவனுக்கு ஸ்கூல் பஸ் ஹார்ன் மாதிரி பழகிப்போன ஒன்று. போன மாதம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தோம், தலைக்கு மேல் ஒன்று சாய்ந்து திரும்பிப் போனது, வால் பக்கத்துச் சின்ன இறக்கை இல்லாத அந்த முக்கோண உருவம் தெளிவாகத் தெரிந்தது. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அமெரிக்காவோட எஃப்-35தானே உலகத்துலயே பெஸ்ட்? அப்புறம் நாம ஏன் அதை வாங்காம இருக்கோம்?"

அவனுக்கு அன்று மாடியில் நின்றே பாதி பதில் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பெரியவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், டிவி விவாதங்களிலும் இதைத் தாண்டி யாரும் போவதில்லை.

சோமனூரில் தறி ஓட்டும் எங்கள் சித்தப்பா புதுத் தறி வாங்கப் போனால் நிமிடத்துக்கு எத்தனை பிக் (குறுக்கிழை) ஓடும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து வைக்க மாட்டார். என்ன துணி ஓட்டப் போகிறோம், கரண்ட் எவ்வளவு இழுக்கும், நின்றுபோனால் மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், ஸ்பேர் கையோடு கிடைக்குமா, ஓட்ட ஆள் பழகியிருக்கிறாரா, இத்தனையும் கேட்பார். போர் விமானத்திலும் கேள்விகள் இவைதான். ஆனால் தறி பத்துப் பதினைந்து வருடச் சமாச்சாரம், போர் விமானம் 40 வருடச் சமாச்சாரம். இன்றைக்கு வாங்கும் விமானத்தை ஓட்டப்போகிற கடைசி விமானி இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

முதல் கேள்வி, எதற்கு வேண்டும் என்பது. போர் விமானம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, வேலைகள் வேறு வேறு. எதிரி விமானம் எல்லைக்குள் வரும்போது சட்டென்று கிளம்பிப்போய் மறிப்பது ஒரு வேலை. எதிரியின் வானத்திலேயே போய் அவனைப் பறக்கவிடாமல் செய்வது இன்னொன்று. தரையில் இருக்கும் பாலத்தையோ, ஆயுதக் கிடங்கையோ, பதுங்குகுழியையோ குறிதவறாமல் அடிப்பது மூன்றாவது. கடலுக்கு மேல் வெகுதூரம் போய்க் கப்பலைத் தாக்குவது வேறு வகை. பழைய காலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விமானம் வைத்திருந்தார்கள், இப்போது வருபவை பெரும்பாலும் பல வேலையும் செய்பவை, ஆனாலும் எடையும் தூரமும் எதைச் செய்ய முடியும் என்பதற்கு ஒரு கோடு போட்டுவிடும்.

நம் ஊர்களிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் ரஷ்ய வகைச் சுகோய்-30. ஏன் அங்கே இது, இங்கே அது? தேஜஸ் 13 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், நம் அரசுப் பேருந்தைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். எரிபொருள், ஆயுதம் எல்லாம் ஏற்றி அதிகபட்சம் 13.5 டன் எடையோடு கிளம்ப முடியும். சுகோய்-30 கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம், 38 டன்னுக்கு மேல் எடையோடு எழும்பும். 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆம் படைப்பிரிவைத் தொடங்கியபோது அதற்குச் சுகோயைக் கொடுத்ததற்குக் காரணம், இந்தியப் பெருங்கடல் மேல் நெடுந்தூரம் போக வேண்டும், வயிற்றுக்கு அடியில் சுமார் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான். அந்த வேலையைத் தேஜஸிடம் கொடுக்க முடியாது. அதற்காகத் தேஜஸ் மட்டம் என்று ஆகிவிடாது. எல்லையோரத் தளத்தில் நின்று அவசரத்துக்குக் கிளம்பும் வேலைக்கு, ஒவ்வொரு தடவையும் இரண்டு இன்ஜினுக்கு எரிபொருள் ஊற்றிச் சுகோயை அனுப்புவது வீண் செலவு.

அதனால்தான் பெரிய விமானப்படைகள் எடை குறைந்தது, நடுத்தரம், கனமானது என்று கலந்து வைத்துக்கொள்கின்றன. நம்மிடம் கனத்துக்குச் சுகோய், நடுவில் ரஃபேல், மிராஜ்-2000, மிக்-29, கீழ்த் தட்டில் 60 வருடங்களாக மிக்-21 இருந்தது. அந்தக் கீழ்த் தட்டை நிரப்பத்தான் தேஜஸ்.

இரண்டாவது கேள்வி எங்கிருந்து பறக்கும் என்பது. இதை விளக்க 2007-இல் தொடங்கிய 126 விமான டெண்டரைவிட நல்ல கதை கிடையாது. உலகத்தில் அதுவரை நடந்த மிகப் பெரிய போர் விமானப் போட்டிகளில் ஒன்று அது. ஆறு விமானங்கள் வந்தன. அமெரிக்காவின் எஃப்-16, எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட், ரஷ்யாவின் மிக்-35, ஸ்வீடனின் கிரிப்பன், நான்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த யூரோஃபைட்டர் டைஃபூன், பிரான்ஸின் ரஃபேல். காகிதத்தில் எல்லாமே பிரமாதமாக இருந்தன. விற்பவர் கொடுக்கும் காகிதம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதனால்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் விமானிகள் 600-க்கும் மேற்பட்ட விஷயங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சோதனைக்கு மூன்று இடம் தேர்ந்தெடுத்தார்கள்: பெங்களூரு, ராஜஸ்தானின் ஜெய்சல்மர், லடாக்கின் லே.

ஏன் மூன்று ஊர்? ஜெய்சல்மரில் பாலைவன வெயில். சூடான காற்று விரிந்து மெலிந்து இருக்கும், அப்போது இறக்கைக்கு மேலே தூக்கும் விசை குறையும், இன்ஜினுக்குள் போகும் காற்றும் குறையும், கூடவே மணல். லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,250 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். நாம் அங்கே போய் இறங்கினால் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குமே, இன்ஜினுக்கும் அதேதான். அதே விமானம், அதே இன்ஜின், ஆனால் உந்துவிசை குறைவு, மெல்லிய காற்றில் தூக்கும் விசையும் குறைவு, அதனால் ஓடுபாதையில் இன்னும் வேகம் எடுத்தால்தான் எழும்பும், அதற்கு இன்னும் நீளம் ஓட வேண்டும், நீளம் போதாவிட்டால் குண்டையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். குண்டைக் குறைத்தால் போன காரியம் அரைகுறை, எரிபொருளைக் குறைத்தால் போய்த் திரும்ப முடியாது.

லேயில் இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தரையிறங்கி இன்ஜினை முழுக்க அணைத்துவிட வேண்டும். பிறகு அந்தக் குளிரில், மெல்லிய காற்றில், மறுபடி ஸ்டார்ட் செய்து கிளம்ப வேண்டும். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஐரோப்பாவின் சமவெளித் தளங்களை மனதில் வைத்துச் செய்த விமானத்துக்கு இது எளிதில்லை. பின்னாளில் ரஃபேல் வாங்கியபோது இந்தியாவுக்கென்று கேட்டுச் செய்துகொண்ட மாற்றங்களில், உயரமான தளத்தில் குளிரில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் வசதியும் ஒன்று. உலகத்திலேயே நல்ல விமானம் எது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாமல் போவது இதனால்தான். நெதர்லாந்துக்கு நல்லதாக இருப்பது லடாக்கில் குளிரில் நின்றுபோகலாம்.

உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1999 கார்கிலில் நாம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். மே 27-ஆம் தேதி ஒரு மிக்-21-ஐயும் ஒரு மிக்-27-ஐயும் இழந்தோம், மறுநாள் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டரை அதில் இருந்தவர்களோடு இழந்தோம். தோளில் வைத்துச் சுடும் சின்ன ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்தில் பறந்தபடி மலை உச்சியில் இருக்கும் ஒரு கூடாரத்தைக் குறிபார்த்து அடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு மிராஜ்-2000 வந்தது, லேசர் வழிகாட்டும் குண்டுகளை அவசர அவசரமாக அதில் பொருத்தி, ஜூன் 24-இல் டைகர் ஹில் மேல் இருந்த எதிரியின் நிலையைத் தாக்கினார்கள். அந்த மிராஜை நாம் கார்கிலுக்காக வாங்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பாகிஸ்தான் அமெரிக்காவிடம் எஃப்-16 வாங்கியது, அதற்குப் பதிலாக நாம் பிரான்ஸிடம் போனோம், 1985-இல் அவை குவாலியருக்கு வந்து சேர்ந்தன. 14 வருடம் கழித்து, வாங்கியபோது யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு மலையில் கைகொடுத்தன. அதனால் வாங்கும்போது இன்றைக்கு என்ன செய்யும் என்பதோடு நிற்காமல், நாளைக்குப் புதுக் குண்டு, புது ரேடார், புதுக் கணினி எதையாவது பொருத்த இடம் கொடுக்குமா, பொருத்திக்கொள்ள விற்றவர் விடுவாரா என்றும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இதற்கு வேகத்தைவிட அதிக மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். "ஒரு ரஃபேல் இத்தனை கோடி" என்று ஒரு எண்ணைச் சொல்லிச் சண்டை போடுவதை நிறையப் பார்த்திருப்பீர்கள். 2016 செப்டம்பரில் 36 ரஃபேலுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 787 கோடி யூரோ. அதை 36-ஆல் வகுத்து இதுதான் ஒரு விமானத்தின் விலை என்று சொல்வது, கல்யாணத்துக்கு ஆன மொத்தச் செலவை இலைகளின் எண்ணிக்கையால் வகுத்து இதுதான் ஒரு சாப்பாட்டின் விலை என்று சொல்வது போல. மண்டபம், நகை, பத்திரிகை எல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் தொகையில் விமானம் உண்டு, ஏவுகணைகள் உண்டு, உதிரி பாகங்கள் உண்டு, இந்தியாவுக்கான மாற்றங்களை வடிவமைக்க ஆன செலவு உண்டு, பயிற்சிக் கருவிகள் உண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. வெறும் விமானங்களுக்கு அதில் பாதிக்கும் குறைவாகத்தான் போனது என்று அப்போது செய்திகள் வந்தன. வேறொரு நாடு குறைந்த விலைக்கு வாங்கியது என்று யாராவது சொன்னால், ஏவுகணையோடா, உதிரி பாகத்தோடா, எத்தனை வருடப் பராமரிப்போடு என்று திருப்பிக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு வரும் செலவு அதைவிடப் பெரியது. ஒரு மணி நேரம் பறந்தால் எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினைக் கழற்ற வேண்டும், ஒரு மணி நேரப் பறப்புக்குத் தரையில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், இவற்றையெல்லாம் 40 வருடத்துக்குக் கூட்டினால் வருவதுதான் வாழ்நாள் செலவு. 126 விமான டெண்டரில் முதல்முறையாக நம் அரசு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துதான் எது மலிவு என்று முடிவு செய்தது. 2011 ஏப்ரலில் ஆறில் நான்கைக் கழித்துவிட்டு ரஃபேலையும் டைஃபூனையும் வைத்துக்கொண்டார்கள், 2012 ஜனவரி கடைசியில் இரண்டில் ரஃபேல் மலிவு என்று அறிவித்தார்கள். நம் டெண்டர் முறை இப்படித்தான்: முதலில் தேர்ச்சியா இல்லையா என்று பார்ப்பார்கள், தேர்ச்சி பெற்றவர்களில் விலை குறைவானவருக்கு வேலை. தேர்ச்சி பெற்றவர்களில் ஒருவர் 60 வாங்கினாரா 95 வாங்கினாரா என்பது அதன்பின் கணக்கில் வராது. ஒற்றை இன்ஜின் கிரிப்பனும், 30 டன்னை நெருங்கும் சூப்பர் ஹார்னெட்டும் ஒரே டெண்டரில் நின்றன என்பதைப் பார்த்தாலே, என்ன வேண்டும் என்று முதல் நாளே கறாராக எழுதிவைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் ஒரே பந்தயம் வைத்த மாதிரி.

அடுத்தது எத்தனை என்ற கணக்கு. இதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 36 விமானம் வாங்கினால் 36 பறக்கும் என்று நினைக்கக் கூடாது. எந்தக் காலையிலும் சில கொட்டகையில் பிரித்துப் போடப்பட்டிருக்கும், சில உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும். ரஃபேல் ஒப்பந்தத்தில் 75 சதவீத விமானங்கள் எப்போதும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கணக்குப் போடுங்கள், 36-இல் 27. அந்த 27-உம் அம்பாலாவிலும் வடகிழக்கில் சீன எல்லையைப் பார்க்கும் ஹாசிமாராவிலும் பிரிந்து நிற்கின்றன. மேற்கே ஒரு கை, கிழக்கே ஒரு கை. அதிலும் ஒரு பங்கு இரட்டை இருக்கை உள்ள பயிற்சிக்கான வகை, போருக்கும் பயன்படும் என்றாலும் புது விமானிகளைப் பழக்கும் வேலையும் அதன் தலையில்தான். பாதி எண்ணிக்கையில் வாங்கிய உயர்ந்த விமானமா, இரண்டு மடங்கு வாங்கிய சுமாரான விமானமா என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரியும்.

தயார் நிலை என்றால் இயந்திரம் மட்டும் தயாராக இருந்தால் போதாது. 2014 பிப்ரவரி 17 அதிகாலையில் எத்தியோப்பியப் பயணிகள் விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்திக்கொண்டு ஜெனீவாவுக்கு வந்தார். கூடவே பறந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் நாட்டுப் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்திடம் நல்ல எஃப்/ஏ-18 விமானங்கள் இருந்தன, ஆனால் அந்நாட்டு விமானப்படை அப்போது அலுவலக நேரத்தில் மட்டும்தான் கிளம்பும் நிலையில் இருந்தது. ராத்திரி முழுக்க விமானியையும் தரைப் பணியாளர்களையும் ஷிப்டில் வைத்திருக்க ஆளும் பணமும் ஒதுக்கியிருக்கவில்லை. அதே வருடம் மே மாதம் 22 கிரிப்பன் வாங்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், 53 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். 2020-இல் மறுபடி 600 கோடி ஃபிராங்க் செலவில் புது விமானம் வாங்கலாமா என்று கேட்டபோது 50.1 சதவீதம் பேர் சரி என்றார்கள். விமானத்தின் பெயரைச் சொல்லாமல் பணத்துக்கு மட்டும் அனுமதி கேட்டார்கள், அடுத்த வருடம் எஃப்-35-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். வரி கட்டுபவர்களிடம் இப்படி நேராகக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது, நம் நாட்டு அளவுக்கு அது நடக்காது என்றாலும்.

இப்போது அக்கா மகனின் எஃப்-35 கேள்விக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியாவுக்கு எஃப்-35 கொடுக்க வழி செய்வோம் என்று பேசியதிலிருந்து அவன் மட்டுமில்லை, பலரும் இதைக் கேட்கிறார்கள். அது ஐந்தாம் தலைமுறை விமானம். தலைமுறை என்பது அப்பா, பிள்ளை என்பது போல வயதுக் கணக்கு மட்டும் கிடையாது. எதிரி ரேடாரில் எளிதில் சிக்காத உருவம், ஆயுதங்களை வெளியே தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வது, எல்லா உணர்கருவிகளின் தகவலையும் ஒன்றாகக் கோத்து விமானிக்குக் காட்டுவது, இவையெல்லாம் சேர்ந்தால் ஐந்து என்கிறார்கள். ரஃபேல் அதற்கு ஒரு படி கீழே, நாலரை.

அப்படியென்றால் வாங்க வேண்டியதுதானே? இங்கேதான் "யாரிடம் வாங்குகிறோம்" என்ற கேள்வி வருகிறது, மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் கனமானது. போர் விமானம் விற்றவர் கையில் 40 வருடத்துக்கு ஒரு கயிறு இருக்கும். உதிரி பாகம், மென்பொருள், ஏவுகணை, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். பாகிஸ்தானுக்கு நடந்ததைப் பாருங்கள். எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டிவிட்டார்கள், 1990-இல் அணு ஆயுத விவகாரத்தைச் சொல்லி அமெரிக்கா நிறுத்திவிட்டது. செய்து முடித்த 28 விமானங்கள் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வருடக்கணக்கில் வெயில் காய்ந்தன. துருக்கி எஃப்-35 தயாரிப்பிலேயே பங்காளி, பாகங்கள் செய்து கொடுத்த நாடு. ரஷ்யாவிடம் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்கியது என்று 2019-இல் அதை வெளியே தள்ளிவிட்டார்கள். அதே எஸ்-400 நம்மிடமும் இருக்கிறது. எஃப்-35-ஐயும் எஸ்-400-ஐயும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள அமெரிக்கா எளிதில் சம்மதிக்காது என்று யோசிக்க ராஜதந்திரப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

நமக்கே அடி விழுந்திருக்கிறது. 1998-இல் பொக்ரான் அணு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது. அப்போது தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை இங்கே உட்கார்ந்து நாமே முடித்தோம், 2001 ஜனவரி 4-இல் தேஜஸ் முதல்முறை பறந்தது. பிரான்ஸ் அந்தச் சமயத்தில் நம் மேல் தடை போடவில்லை. 1999-இல் கார்கிலில் மிராஜ் தடையில்லாமல் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ரஃபேலைத் தேர்ந்தெடுத்தபோது எல்லோர் மனதிலும் இந்த நினைவு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், டெண்டர் மதிப்பெண்ணில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாவிட்டாலும்.

ஒருவரிடம் மட்டும் வாங்கினால் அவர் கயிறு இறுகும், பலரிடம் வாங்கினால் நம் கொட்டகை குழம்பும். நம் விமானப்படையில் ரஷ்ய வகை இரண்டு, பிரெஞ்சு வகை இரண்டு, பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்த ஜாகுவார், நம் தேஜஸ் என்று ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கருவி, தனி உதிரி பாகக் கிடங்கு, தனிப் பயிற்சி. சுகோயில் பழகிய டெக்னீஷியனை நாளைக் காலை ரஃபேலில் நிறுத்த முடியாது. ஏவுகணைகூட ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் அப்படியே பொருந்தாது, பொருத்த வேண்டுமென்றால் விமானம் செய்தவர், ரேடார் செய்தவர், ஏவுகணை செய்தவர் மூவரும் ஒத்துழைக்க வேண்டும். இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில் ஒரு சமநிலை பிடிப்பதுதான் வேலை, அதில் நாம் குழப்பத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டோம்.

அப்படியானால் உள்ளூரிலேயே செய்தால்? செய்கிறோம். ஆனால் 126 டெண்டர் எங்கே சிக்கியது என்று பாருங்கள். 18 விமானம் பிரான்ஸிலிருந்து நேராக, மீதி 108 அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லின் பெங்களூரு தொழிற்சாலையில் என்பது திட்டம். பெங்களூருவில் செய்யும் விமானத்துக்கு யார் பொறுப்பு ஏற்பது, ஒரு விமானம் செய்ய இங்கே எத்தனை ஆள்-மணி ஆகும் என்ற இரண்டு விஷயத்தில் பேச்சு மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் 2015 ஏப்ரலில் பிரதமர் பாரிஸில் 36 விமானங்களை நேராக வாங்குவதாக அறிவித்தார், பழைய டெண்டர் கைவிடப்பட்டது. தொழில்நுட்பத்தைக் கொடுப்பார்கள் என்று எழுதிவைப்பது ஒரு வரி. அந்த ஒரு வரியை நிறைவேற்ற ஒரு தலைமுறை ஆள்களைப் பழக்க வேண்டும்.

தேஜஸ் நம்முடையது என்றாலும் இன்ஜின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது. 2021-இல் தேஜஸின் மேம்படுத்திய வகையான மார்க்-1ஏ விமானங்கள் 83-க்கு ஆர்டர் கொடுத்தோம், 2024 தொடக்கத்தில் முதல் விமானம் வந்திருக்க வேண்டும். அந்த வகை இன்ஜின் செய்வதையே ஜிஇ நிறுத்தி வைத்திருந்தது, அதை மறுபடி ஓடவைத்து, பாகம் சேர்த்து, 2025 மார்ச்சில்தான் முதல் இன்ஜின் அனுப்பினார்கள். உடல் தயார், இதயம் வரவில்லை என்று பெங்களூருவில் விமானங்கள் காத்து நின்றன. நமக்கென்று ஒரு இன்ஜின், காவேரி, 1980-களிலிருந்து முயற்சிக்கிறோம். 2008-இல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

கடைசியாகக் காலம். டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போது எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் பழைய விமானத்தில் யாரோ ஒருவர் ஏறிப் பறக்கிறார். விமானிகளைப் பழக்க நவீனப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே பேசினார்கள், ஹாக் என்ற பயிற்சி ஜெட்டை வாங்க ஒப்பந்தம் போட்டது 2004-இல். இடைப்பட்ட 20 வருடத்தில் இருபது வயதுகளில் இருந்த பையன்கள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இறங்கி நேராக மிக்-21-இல் ஏறினார்கள். அந்த விமானம் தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது அந்தந்த வீடுகளுக்குத் தெரியும். வெளிப்படைத்தன்மை வேண்டும், ஊழல் கூடாது, எல்லாம் சரிதான், நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் தாமதத்துக்கு விலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1963-இல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் கடைசியாகப் பறந்து ஓய்வு பெற்றது. 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் அன்றைக்கு 29 ஆனது. ஒரு படைப்பிரிவு என்றால் 16 முதல் 18 விமானம், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள்தான் இன்னும் 97 தேஜஸ் மார்க்-1ஏ-க்கு ஒப்பந்தம் போட்டார்கள். 126-க்குப் பதிலாக 36 வாங்கியதில் விழுந்த ஓட்டையை அடைக்க சுமார் 110 விமானம் வேண்டும் என்று 2018-லேயே உலகக் கம்பெனிகளிடம் விவரம் கேட்டிருந்தார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். சூலூரில் இருக்கும் 45-ஆம் படைப்பிரிவு தேஜஸுக்கு முன்பு மிக்-21 ஓட்டிய படைப்பிரிவு என்றதும் திரும்பிப் பார்த்தான். "அப்போ அந்த இன்ஜினை நாமளே எப்போ செய்வோம் மாமா?" என்று கேட்டான். துணிக்கூடையைக் கையில் கொடுத்துவிட்டு, நீ இன்ஜினியரிங் படிக்கும்போதும் அந்த வேலை பாக்கி இருக்கும், வந்து சேர்ந்துகொள் என்றேன்.